மந்தைவெளியில் ஆறு நாற்காலிகள்

மந்தைவெளியில் பஸ் மாற இறங்குகிறேன். போன மாதம் மூடிய பழைய தியேட்டரை எதிரே இடித்துக்கொண்டிருக்கிறார்கள். திரை இருந்த சுவர் பாதி விழுந்து, உள்ளே வெயில் அடிக்கிறது. சாலையைக் கடந்து உள்ளே போகிறேன். ஒரு பெண் தரையில் முட்டி போட்டு, நாற்காலி வரிசையின் போல்ட்டை ஸ்பேனரால் திருகிக்கொண்டிருக்கிறார். பெயர் ஸ்டெல்லா, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். மதியத்துக்குள் கழற்றினால் எடுத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

"எதுக்குக்கா இந்த நாற்காலி?"

"எங்க குப்பத்து ஹால்ல நாங்களே படம் போடப்போறோம் சார். ஸ்கிரீனுக்கு வெள்ள வேட்டி கீது."

"மால்ல தியேட்டர் இருக்கே?"

"மீன் கூடையோட உள்ள வுடுவானா? இங்க வுட்டாங்க. டிக்கெட் கிழிக்கிறவராண்ட கூடைய வெச்சிட்டு மேட்னி பாப்போம்."

கடைசி போல்ட் துருவேறி அசைய மறுக்கிறது. மேஸ்திரி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"சார், ஒரு கை புடி."

பையை வைத்துவிட்டுப் பிடிக்கிறேன். இருவரும் சேர்ந்து இழுத்ததில் போல்ட் சட்டென்று விடுபட, அவர் பின்னால் சாய்ந்து விழுகிறார். எழுந்து புடவையைத் தட்டிக்கொள்கிறார். ஆறு நாற்காலிகளும் வாசலில் நிற்கும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறுகின்றன.

"ஞாயித்துக்கெழம மொத படம். வந்துடு சார்."

எனக்குச் சனிக்கிழமை ரயில். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று போனில் பார்க்கிறேன்.