கரியாலூர்ப் பாறையை அளந்த சத்தம்

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு போகிறதே, அதில் பாதிக் கரும்பு குடித்தது நான் காட்டிய தண்ணீர். திருச்செங்கோட்டுக்காரனைத் தவிர வேறு எவனாலும் போர் போடுகிற ரிக் வண்டி வைத்துப் பிழைக்க முடியாது என்று சொன்ன காலத்தில், ஏலத்தில் எடுத்த பழைய லாரியின் முதுகில் நானே இரும்புக் கோபுரம் ஏற்றி ரிக் கட்டினேன். மணலூர்பேட்டையில் ஒருத்தர், "பக்கத்துலயே பெண்ணையாறு கீது, போர் போட உனக்கு இங்க இன்னாடா வேலை?" என்று கேட்டார். அவர் கொல்லையிலேயே போர் போட்டேன். அடுத்த கோடையில் ஆறு காய்ந்தது, அவர் மோட்டார் ஓடியது. கூரை வூட்டைப் பிரித்து மாடி வூடு கட்டினேன். எங்கள் தெருவுக்கெல்லாம் குழாய் வராது என்றார்கள், என் கைக்காசில் பம்பு இறக்கினேன். அடுத்தவன் நிலத்தில் குனிந்தே இருந்த என் அப்பாவை, நான் வாங்கிய நிலத்து வரப்பில் கால் மேல் கால் போட்டு உட்கார வைத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இதையெல்லாம் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. போய்ப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் செய்திருக்கிறேன். அதைத்தான் இல்லை என்கிறார்கள். கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில், பூமிக்குள் எந்த அடுக்குப் பாறையில் அதிர்வு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று என் மிஷின் போட்ட சத்தத்தை வைத்தே அளந்தார்கள். அந்த அளவில் எனக்குப் பங்கு உண்டு. அது எப்படி என் பங்கு என்று கேட்பவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும்.

இடஒதுக்கீட்டுக்காக ரோட்டை மறித்த காலம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பசங்களும் அதில் இருந்தார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உள்ள பங்கைக் கொடு என்றார்கள். நியாயம் என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நியாயமான மறியலிலும் டீசல் வராது. மறியல் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ரிக்கையும் கம்ப்ரஸர் லாரியையும் மலைக்கு ஏற்றிவிட்டேன். ஒரு மலைக் கிராமத்துக்குக் கைபம்புக்குப் போர் போடும் வேலை. எனக்குப் பின்னாலேயே ஒரு ஜீப்பும் ஏறி வந்தது. அதில் ஒரு பேராசிரியர், அவருடைய உதவியாளர், அப்புறம் பெட்டியும் ஒயரும்.

பேராசிரியர் வந்த வேலை என்னவென்றால், தரையில் வரிசையாகக் காது நடுவது. காது என்று நான் சொல்கிறேன், அவர் ஜியோபோன் என்பார். உள்ளங்கையில் அடங்குகிற டப்பா, அடியில் ஒரு ஆணி. தள்ளிப்போய்க் குழி போட்டு வெடி வைப்பார். வெடித்த நேரத்துக்கும் அந்த அதிர்வு ஒவ்வொரு காதுக்கும் வந்து சேர்கிற நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை ஒரு பெட்டி காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். மண்ணுக்குள் அதிர்வு நொண்டிக்கொண்டு வரும். இத்துப்போன பாறையில் கொஞ்சம் வேகம். கருங்கல்லில் பறக்கும். வேகம் தெரிந்தால், கீழே எது எவ்வளவு கனத்துக்கு இருக்கிறது என்று கணக்குப் போடலாம். மலையில் தண்ணீர் தங்குவது அந்த இத்துப்போன பாறையில்தான். அது எங்கே கனமோ அங்கே போர் போட்டால் வீண் போகாது. நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெடி ஏற்றிய வண்டி கீழே மறியலில் மாட்டிக்கொண்டது. ஊர் கிடந்த கிடப்பில் வெடிமருந்து வண்டியை எந்தப் போலீஸ் மலைக்கு விடும்?

நான் பாட்டுக்குப் போர் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் கையைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார்.

"டிரில்லர், மிஷின நிறுத்துங்க. வெடிதான் வரல, இரும்புத் தகட்டுல சம்மட்டியால அடிச்சாவது பாக்கலாம்னா, உங்க சத்தத்துல ஒண்ணுமே தெரியல."

"எவ்ளோ நேரம் சார் நிறுத்தணும்?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அது ஆவாது சார்."

உதவியாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதாங்க. நிறுத்துன்னு சொல்றாரே, அவர்கிட்டதான் ஆவாதுன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

வீம்புக்குச் சொல்லவில்லை. ஒன்றோடொன்று மாட்டி இறக்குகிற ராடுகளின் நுனியில் பாறையை இடிக்கிற ஹேமர் அப்போது இத்துப்போன பாறைக்குள் இருந்தது. கம்ப்ரஸர் காற்று கீழே போய் உடைந்த கல்லை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்வரைதான் குழி குழியாக இருக்கும். காற்று வெகுநேரம் நின்றால் பக்கத்துக் கல்லெல்லாம் சரிந்து ஹேமர் தலையில் உட்காரும். அப்புறம் ராடும் வராது, ஹேமரும் வராது. என் பிழைப்பே அந்த மலையில் புதைந்துவிடும். ராடை மேலே இழுத்துவிட்டு மறுபடி இறக்கலாம் என்றால், டேங்கில் இருந்த டீசல் அந்த ஒரு குழிக்குத்தான் வரும். கீழே போய் வாங்க வழி இல்லை. தண்ணீர் வருமா என்று ஒரு கிராமமே குடத்தோடு நிற்கிறது.

"ராடு மாத்தறப்ப கொஞ்ச நேரம் நிறுத்துவேன் சார். அதுக்கு மேல கேக்காதீங்க."

பேராசிரியர் போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். சிகரெட் பிடித்தார். என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எழுந்து வந்தார். முகம் மாறியிருந்தது.

"சரி, நிறுத்தாதீங்க. ஓட்டுங்க. உங்க சத்தத்தையே கேக்கறேன்."

வெளிநாட்டில் எண்ணெய்க்கிணறு தோண்டுகிறவர்கள் இப்படி முயன்றதாக எங்கேயோ படித்திருந்தாராம். ஹேமர் அடிக்கிற அடி இரண்டு வழியில் மேலே வரும். ராடு இரும்பு வழியாக ஒன்று, பாறை வழியாக ஒன்று. ராடு தலையில் ஒரு காது கட்டி, தரையில் மற்றக் காதுகளை நட்டு, இரண்டையும் ஒப்பிட்டால் பாறைக்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்துவிடும். ஹேமர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று இறக்கிய ராடே சொல்லும். கணக்கு அவருடையது. அதை நான் என்றைக்கும் என்னுடையது என்று சொன்னதில்லை.

ஆனால் கணக்கு காகிதத்தில் ஓடவில்லை. முதலில் காதை ரிக் கோபுரத்தில் கட்டினார்கள். என்ஜின் ஆட்டமெல்லாம் அதில் வந்து, காகிதம் முழுக்கக் கிறுக்கல். நான் ஏறிப்போய் அதை அவிழ்த்து, ராடு தலையில் சுற்றாமல் நிற்கிற பாகத்தில், பஞ்சர் போட வைத்திருந்த டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். கிறுக்கல் அடங்கியது. அடுத்த வில்லங்கம் வந்தது. ஹேமர் ஒரே சீராக அடிக்கிறது. ஒரு அடி போலவே அடுத்த அடி. ராடு காகிதத்தில் இருக்கிற இந்த அடிக்கு, தரைக் காகிதத்தில் எந்த அடி சோடி என்று உதவியாளர் கைவிரித்தார், இது உதவாது என்றார். வெடி என்றால் ஒரே ஒரு முறை வெடிக்கும், குழப்பமில்லை. இங்கே ஆயிரம் பிள்ளைகள் ஒரே முகத்தோடு நிற்கிறார்கள்.

"சீரா இருக்கிறதுதான் சார் தொல்லைன்னா, நான் நொண்டி நொண்டி அடிக்கிறேன்" என்றேன்.

"அடிக்க முடியுமா?"

"மிஷின் யாருது சார்?"

ஹேமரைப் பாறைமேல் அழுத்தினால் அடிக்கும். கொஞ்சம் தூக்கினால் காற்று மட்டும் ஊதும், அடிக்காது. லீவரைப் பிடித்து அழுத்தினேன், விட்டேன். சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று, நடுவில் சும்மா. ஒரு தடவை அடித்த மாதிரி மறுதடவை அடிக்கவில்லை. அப்படி அடித்தால் ஹேமர் முனையில் இருக்கிற பிட்டுக்கு ஆகாது, குழியும் கோணும். எனக்கு அது தெரியும். தெரிந்தே அடித்தேன்.

காகிதத்தில் நொண்டி தெரிந்தது. பேராசிரியர் துள்ளினார். ஆனால் கடைசிக் காதில் மட்டும் வேறு ஒரு அடி விழுந்துகொண்டே இருந்தது. தொப், தொப் என்று நிதானமாக. நான் நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்றார் உதவியாளர். நான் என்கூட வந்த வேலையாளை லீவரில் நிற்க வைத்துவிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கடைசிக் காதுக்குப் பக்கத்தில் பலாமரம். அதன் அடியில் உரல் போட்டு மூன்று பெண்கள் சாமை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் இடிக்காம இருங்க. அந்தப் பெட்டியில விழுது."

மூத்தவள் உலக்கையை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மிஷின்காரரே, காலையிலிருந்து நீ பூமியவே இடிக்கிற. நாங்க ஒரு படி சாமை இடிக்கக் கூடாதா?"

"உங்க இடி பெட்டிக்குக் கேக்குதும்மா."

"உன் இடி எங்களுக்குக் கேக்கலியா? புள்ள தூங்குச்சா இன்னிக்கு?"

மற்ற இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். நான் அடிக்கும்போது அவர்கள் இடிக்கமாட்டார்கள். நான் ராடு மாற்ற நிறுத்தினதும் அவர்கள் இடித்துக்கொள்வார்கள்.

"ஆனா உலை வச்சாச்சு, சீக்கிரம் சீக்கிரம் நிறுத்து" என்று பின்னாலேயே கத்தினாள். அன்று ஒவ்வொரு ராடு மாற்றும்போதும் பலாமரத்தடியில் உலக்கை ஏறி இறங்கியது. நான் லீவரைத் தொட்டதும் நின்றது. அந்த ஒழுங்கு எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை என்று பேராசிரியரே சொன்னார்.

வெயில் சாயும்போது குழி கருங்கல்லைத் தொட்டுவிட்டது. ராடெல்லாம் பத்திரமாக மேலே ஏறியது. பேராசிரியர் ஜீப் கண்ணாடியில் ராடு காகிதத்தை வைத்து, அதன்மேல் தரைக் காகிதத்தை வைத்து, வெளிச்சத்தில் மெல்ல நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். என்னுடைய நொண்டி அடி மேலும் கீழும் ஒன்றோடு ஒன்று பொருந்தி உட்கார்ந்தது. நகர்த்திய அந்தத் தூரம்தான் நேரம். அதிலிருந்து வேகம் வந்தது. இத்துப்போன பாறைக்கு ஒன்று, கருங்கல்லுக்கு ஒன்று. பலாமரத்துப் பக்கம் இத்துப்போன பாறை இன்னும் கனம் என்றும் அதுவே காட்டியது. அன்று போட்ட குழியில் தண்ணீர் கம்மிதான், கைபம்புக்குப் போதும். மறியல் விலகி டீசல் வந்த பிறகு பலாமரத்தடியில் போட்ட குழியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. இடித்த பெண்களே நனைந்தார்கள்.

அன்று ஜீப் கிளம்பும் முன் கேட்டேன். "இத எழுதறப்ப என் பேரும் வருமில்ல சார்?"

உதவியாளர் சிரித்தார். "இன்னா டிரில்லர், புத்தகத்துலகூட இடஒதுக்கீடு கேக்கறீங்களா?"

"கீழ பசங்க மத்தவன் சோத்தையா கேக்கறானுங்க? அவனவன் பங்கக் கேக்கறானுங்க. நானும் அதான் கேக்கறேன்."

பேராசிரியர் அவரை அடக்கிவிட்டு, என் பெயரைக் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன். நல்ல மனிதர். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையை முடித்து அச்சுக்குக் கொடுத்தது அந்த உதவியாளர்தான். இன்றைக்கு அவர் பெரிய ஆள்.

தண்ணீர் பார்க்க எங்கள் பக்கம் வந்த ஒரு இஞ்சினியர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, கரியாலூர்ப் பக்கத்தைத் தமிழில் எனக்குச் சொன்னார். அந்த இடத்தில் இருந்த ஒரு துளையிடும் இயந்திரத்தின் ஓசை பயன்படுத்தப்பட்டது. அவ்வளவுதான். இருந்ததாம்! மழைக்கு முளைத்த காளானா என் மிஷின்? மலைக்குத் தானே ஏறிவந்து, தானே லீவரை அழுத்திக்கொண்டதா?

அந்த உதவியாளரிடம் ஆள் மூலமாகக் கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது: "அவர் எப்படியும் போர் போட்டிருப்பார். சத்தம் எப்படியும் வந்திருக்கும். அதில் அவர் செய்தது என்ன?"

ஐயா, எப்படியும் வந்திருக்கும் சத்தம் சீரான சத்தம். அது உங்களுக்கு உதவாது என்று காகிதத்தைப் பார்த்து நீங்கள்தான் சொன்னீர்கள். உதவினது நொண்டிச் சத்தம். அது தானாக வராது. என் கை போட்டது. நீங்கள் நிறுத்தச் சொன்னபோது நான் நிறுத்தியிருந்தால் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போயிருப்பீர்கள், புத்தகத்தில் அந்தப் பக்கமே இருந்திருக்காது.

எனக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடு என்கிறார்கள் வூட்டில். விடமாட்டேன். நன்றி என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டு என்னை அனுப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். வேலை நடந்ததைச் சொல்கிற அதே பக்கத்தில் எழுதுங்கள்: ரிக் ஓட்டியவர் நிறுத்த மறுத்தார், பிறகு அடியை மாற்றி மாற்றி அடித்துக் கொடுத்தார், கிராமத்துப் பெண்கள் உலக்கையை நிறுத்திக் கொடுத்தார்கள். என் பெயர் உங்களுக்குத் தெரியும். பென்சிலில் எழுதும்போது பக்கத்தில்தான் நின்றீர்கள். அந்தப் பெண்களின் பெயர் தெரியாதென்றால் மலை ஏறிப்போய்க் கேளுங்கள். இப்போது ரோட்டில் மரம் எதுவும் கிடக்கவில்லை.