அலங்காரச் சாமான் என்று நான் எழுதிய துவக்குகள்

செபமாலை அண்ணை போய்விட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. இனி அவர் முகத்தில் விழிக்க வேண்டாமே என்ற நிம்மதி. அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் அவர் வீட்டுக்குப் போன உங்களுக்கு அந்தச் சுவர் தெரியும். பதினொரு பழைய துவக்குகள், அதாவது துப்பாக்கிகள். குழல் வாயால் வெடிமருந்து இடிக்கிற காலத்தவை. உரிமம்கூடத் தேவைப்படாத கிழடுகள். மன்னாரிலிருந்து உயிரைக் கையில் பிடித்து ஓடிவந்த மனுசனுக்கு இதென்ன பைத்தியம் என்று கேலி செய்வோம்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான். இப்ப அதுகள் ஆணியில தொங்க, நான் முன்னுக்கு இருந்து தேத்தண்ணி குடிக்கிறன்" என்பார்.

காப்புறுதி முகவரான என்னிடம் அவற்றுக்குக் காப்புறுதி கேட்டு வந்தார். சேகரிப்புக்கென்று தனிக் காப்புறுதி உண்டு; ஒவ்வொன்றையும் துவக்கு என்றே பதிய வேண்டும். எனக்குக் கை கூசியது.

"அண்ணை, எங்கட தமிழ்ப் பேருக்குப் பக்கத்தில துவக்கு எண்டு எழுதினால் இந்த நாட்டில சும்மா விடுவினமோ? வீட்டுக் காப்புறுதியில அலங்காரச் சாமான் எண்டு போடுவம்."

"சட்டப்படிதானே வச்சிருக்கிறன், தம்பி. ஒளிக்க என்ன கிடக்கு? உள்ளதை எழுதுமன்."

"உங்களுக்கு இது விளங்காது" என்று அவர் வாயை அடைத்தேன். படித்தவன் சொல்கிறான் என்று கையெழுத்து வைத்தார்.

அடுத்த குளிர்காலம் அண்ணை மகள் வீட்டில் போய் நின்ற வாரம், அவர் வீட்டு மேல்மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. துவக்குகளின் மரம் பிளந்து, இரும்பு துருவேறியது. சேதம் பார்க்க வந்த அதிகாரி பத்திரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி எழுதச் சொன்னது யார் என்று கேட்டார். நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். தன் பிழை என்று அண்ணை உடைந்த ஜெர்மனில் சொன்னார். பதிந்தது வேறு, சுவரில் இருந்தது வேறு என்று காப்புறுதி கைவிரித்தது.

"உமக்கு அது சோறு போடுற வேலை. எனக்கு இது விளையாட்டு" என்றார் பிறகு என்னிடம் தனியே. அதன்பின் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அவர் கண்ணில் படாமல் பக்கக் கதவால் நழுவுவேன். வெட்கங்கெட்டவன், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து மகள் ஒரு துவக்கைக் கொண்டுவந்து தந்தார். "அப்பா இதை உங்களுக்கெண்டு சொல்லி வச்சவர். துரு போகத் தன்ர கையால எண்ணெய் பூசினவர்."

நேற்று அதற்குக் காப்புறுதி விண்ணப்பம் நிரப்பினேன். பொருள் என்ற இடத்தில், என் பெயருக்குக் கீழே, துவக்கு என்று எழுதினேன். முன்பே சேதம் உண்டா, எப்படி என்று ஒரு கேள்வி இருந்தது. தண்ணீர் என்று எழுதினாலே போதும். அதோடு நிறுத்தாமல், 'இதைச் சரியாகப் பதியாதவன் நான்' என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.