உளவு பார்க்கப் போன நெட் குவிர்க்

எங்கள் ஊரில் கால்பந்து பார்ப்பது குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. ஊர் முழுவதற்கும் அல்ல, ஹர்லிங் மட்டை பிடித்த எங்களுக்கு மட்டும். ஹர்லிங், அதாவது வளைந்த மட்டையால் சிறு பந்தை அடித்துக் கோல் போடுவது, நம் மண்ணின் ஆட்டமாம், கால்பந்து இங்கிலாந்துக்காரன் கொண்டுவந்து போட்டதாம். அதை ஆடினாலும் தடை, காசு கொடுத்துப் பார்த்தாலும் தடை. 1971இல் அந்த விதியை ஒருவழியாக எடுத்துத் தொலைத்தார்கள். அதற்குள் என் இளமை பாதி தொப்பிக்குள் முகத்தை மறைத்தே கழிந்துவிட்டது.

மறைக்கக் காரணம், எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவான பாலிகரன் செல்டிக். 1923இல், பன்றி இறைச்சி பதப்படுத்தும் பேக்கன் ஆலைத் தொழிலாளிகள் ஆரம்பித்தது. மைதானம் ஆலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே கிடந்தது. காற்று கிழக்கிலிருந்து அடித்தால் எதிரணிக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும். டப்ளினிலிருந்து வந்த ரசிகர்கள் எங்களைக் கேலி செய்யப் பன்றி மாதிரிக் கத்துவார்கள். எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வரவில்லை, அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து செல்டிக் கோல் போட்டால் மூவாயிரம் பேரும் பன்றியாகிவிடுவார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் உட்பட.

இந்தக் கூட்டத்துக்குள் ஹர்லிங்காரன் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று கண்டுபிடிக்க எங்கள் ஹர்லிங் சங்கம் ஒரு உளவாளியை வைத்திருந்தது. விதிப்படி அவன் ஒருவன் மட்டும் கால்பந்து பார்க்கலாம். 1958இல் அந்த வேலை நெட் குவிர்க்குக்குக் கிடைத்தது. நெட் ரொட்டி வண்டி ஓட்டுபவன், ஊரில் எல்லா முகமும் அவனுக்குத் தெரியும். அதோடு எங்கள் ஹர்லிங் அணியின் கோல்கீப்பர். சங்கத் தலைவர் மாஸ்டர் கான்சிடைன் அவன் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கொடுத்து, தயவு தாட்சண்யம் பார்க்காதே என்று சொல்லி அனுப்பினார்.

முதல் ஞாயிறே நெட் என்னைப் பார்த்துவிட்டான். ரயில் பாதை ஓரத்து மண்மேட்டில், கழுத்துத் துண்டை மூக்குவரை சுற்றிக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் எங்கள் அணியிலேயே நான்கு பேர். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவன் நேராக வந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். இடைவேளையில் திரும்பாமலே, மோஸி, அந்த இடதுபக்க ஆள் நல்லா ஓடறான் இல்ல என்று கேட்டான். அவ்வளவுதான், ஆள் அன்றே கால்பந்தில் விழுந்துவிட்டான்.

எட்டு வருடம் அவன் அறிக்கையில் ஒரே வாசகம்: தெரிந்த முகம் எதுவும் இல்லை. மாஸ்டருக்குச் சந்தேகம் வருகிற மாதிரி இருந்தால் ஒரு பெயரைக் கொடுப்பான். அந்த ஆள் போன வாரம்தான் வேலை தேடி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியிருப்பான். மாஸ்டரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவன் ஹர்லிங் ஆடக்கூடாதென்று ஆறு மாதம் தடை போடுவார். இப்படி ஏழெட்டுப் பேர், தங்களுக்குத் தடை இருப்பதே தெரியாமல் கவென்ட்ரியில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

1966 ஏப்ரலில் செல்டிக் கோப்பை அரையிறுதிக்கு வந்தது. டப்ளின் அணியோடு எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். எண்பத்தெட்டாவது நிமிடம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது மூலையிலிருந்து வந்த பந்தைச் செல்டிக்கின் ஃபான்ஸி ரோச் நெற்றியால் ஒரு முட்டு முட்டினான். வலை கிழியாதது ஆச்சரியம். மண்மேட்டில் எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட நீளமாக ஒரு பன்றிக் கத்தல் எழுந்தது. திரும்பிப் பார்த்தால் நெட். தொப்பி எங்கோ போயிருந்தது, நோட்டுப் புத்தகம் சேற்றில் கிடந்தது.

வியாழக்கிழமை மாஸ்டருக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது.

நெட்டுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினாறு வருடமாக எங்கள் கோலைக் காத்தவன், ஒருமுறைகூட மாவட்டக் கோப்பையைத் தொட்டதில்லை. அந்த வருடம்தான் எங்களுக்கு ஜெயிக்கிற அணி அமைந்திருந்தது. முழங்கால் இந்தக் கோடையோடு சரி என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். தடை விழுந்தால் அவன் ஹர்லிங் அத்தோடு முடிந்தது.

விசாரணை சர்ச் மண்டபத்தில் நடந்தது. நாற்பது பேர் இருந்தோம். மாஸ்டர் கடிதத்தைப் படித்தார். உளவாளி ஆட்டம் பார்க்கலாம், ஆனால் ஆரவாரம் செய்தால் அவனும் ரசிகன்தான் என்று விதியை விளக்கினார். பிறகு, இதைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்.

பார்த்தவன் சொல்ல வேண்டுமானால் பார்க்கப் போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது பேரும் அவரவர் செருப்பைப் பார்த்தோம். சாட்சி இல்லை, வழக்கு இல்லை, ஆள் தப்பித்தான் என்றுதான் நினைத்தோம். மாஸ்டருக்கும் தன் கோல்கீப்பரை இழக்க மனமில்லை.

"நெட், நீ கத்துனியா இல்லியா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கடுதாசியக் கிழிச்சிப் போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்."

நெட் எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது.

"கத்துனேன் மாஸ்டர். பன்னி மாதிரியேதான் கத்துனேன். அந்தக் கோலப் பாத்திருந்தா நீங்களும் கத்தியிருப்பீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நீண்ட நேரம் துடைத்தார். பிறகு ஒரு வருடத் தடை என்றார்.

எங்கள் ஆடும் அணியில் பதினைந்து பேர். அந்த மண்டபத்தில் அவர்களில் பதினொருவர் அரையிறுதியைப் பார்த்தவர்கள். நாங்கள் பதினொருவரும் எழுந்து நானும் கத்தினேன் என்று சொல்லியிருந்தால் மாஸ்டர் என்ன செய்திருப்பார்? எல்லோருக்கும் தடை போட்டால் அணியே கிடையாது. எழுந்திருக்க எனக்கு மனம் வந்தது, கால் வரவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதைவிட வெட்கம் அடுத்து நடந்தது. உளவாளி வேலை காலியாக இருக்கிறதே, யார் செய்கிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. முதல் கை என்னுடையது. நெட் வாசலில் நின்று அந்தக் கைகளைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வேலை எனக்கே கிடைத்தது. முகத்தில் கள்ளம் தெரியவில்லையாம்.

செப்டம்பரில் மாவட்ட இறுதி ஆட்டத்துக்குப் போனோம். நெட்டின் இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் நின்றான். கடைசி நிமிடத்தில் எதிரணி நாக்மாய்ல்காரன் ஒருவன் தூரத்திலிருந்து தரையோடு ஒன்று அடித்தான். மெதுவாக உருண்டு வந்த பந்து பையனின் காலுக்கு நடுவே புகுந்தது. அந்த ஒரு கோலில் தோற்றோம். கயிற்றுக்கு வெளியே ஜனங்களோடு நின்றிருந்த நெட் வேகமாக வெளியேறுவதைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு செல்டிக் ஆட்டம். நான் உத்தியோகமாகப் போய் மண்மேட்டில் நின்றேன். அந்தப் பதினொருவரில் மற்றப் பத்துப் பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நெட் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் நின்றான். ஆட்டம் தொடங்கியபின் பந்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அந்தப் பையன ஒண்ணும் சொல்லாதீங்கடா. அது கையில நிக்கிற பந்தில்ல. நான் நின்னிருந்தாலும் விட்டுருப்பேன்."

பொய். அந்தப் பந்தை அவன் வாயிலிருக்கும் புகை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டே தடுத்திருப்பான். அது எங்கள் பதினொருவருக்கும் தெரியும்.