மாமா தோற்ற நாளின் நெய்ச்சோறு

யார் வீட்டில் விருந்து நடக்கிறதோ அவர்தான் தேர்தலில் ஜெயித்தவர் என்று சிறு வயதில் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு என் மாமாதான் காரணம். போன வாரம் என் மகன் கல்லூரி மாணவர் தேர்தலில் தோற்றுவிட்டு வந்து அறைக்குள் தாழிட்டுக்கொண்டான். அதிலிருந்து எனக்கு மாமாவின் நினைவாகவே இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே அசைகிற சத்தமாவது கேட்கிறதா என்று காது வைத்துக்கொண்டிருப்பவள் வேறு எதைத்தான் நினைப்பாள்.

மாமா, உம்மாவுடைய அண்ணன்; எங்கள் பேச்சில் நானா. திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டியிருந்தன. நடுச்சுவரில் ஒரு கதவு. இளம் வயதில் சைகோனில் துணி வியாபாரம் செய்துவிட்டுத் திரும்பியவர். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம் புதுச்சேரி சபைக்குத் தேர்தல் வந்தபோது அவர் நின்றார்.

பிரெஞ்சுக்காரர் காலத்துத் தேர்தல் அவருக்கு நல்ல பழக்கம். அப்போதெல்லாம் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி யார் என்று முடிவு செய்துவிடுவார்கள். ஓட்டுப் போடுவது அதற்குப் பிறகு நடக்கிற சடங்கு. பெட்டியில் சீட்டு விழுவதற்கு முன்பே பட்டாசு வெடித்துவிடும். அதே முறைப்படி மாமா தெருத்தெருவாகப் போய்ப் பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தார். "இன்ஷா அல்லா, பார்த்துக்கலாம்" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அப்படிச் சொன்ன ஒவ்வொரு வீட்டையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். உம்மாவுக்கு மட்டும் சந்தேகம்.

"நானா, கல்யாணத்துக்குக் கூப்பிட்டாகூட அதைத்தான் சொல்றாங்க. பாதிப் பேர் வர்றதில்லே."

மாமா சிரித்துவிட்டு, பெண்களுக்கு அரசியல் புரியாது என்றார்.

எதிர்த்து நின்றவர் வாடகை சைக்கிள் கடைக்காரர். மாமாவைவிட இளையவர், ஒல்லி, விரல்களில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. மாமாவின் ஆள் ஒருவன் சைக்கிளை வளைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஒரு வார்த்தைகூட வருத்தம் சொல்லவில்லை என்ற கோபத்தில் மனுப் போட்டவர் என்று ஊரில் பேச்சு. அவர் ஜெயிப்பார் என்று அவர் வீட்டிலேயே யாரும் நினைக்கவில்லை. ஓட்டு எண்ணுகிற அன்று காலையிலும் கடையைத் திறந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவோ நாகூரிலிருந்து பண்டாரியை வரவழைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் விருந்துச் சமையல்காரருக்கு அதுதான் பெயர். அவர் பெரிய தேக்சாப் பாத்திரங்களோடும் ஆட்களோடும் வந்து கொல்லையில் அடுப்புக் குழி வெட்டினார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தாளிச்சா, கடைசியில் இனிப்புக்குப் பீர்னி. ரோஜா மாலை ஒன்று தண்ணீர் தெளித்து வாழையிலையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மாமாவின் பருமனுக்கு அளவு சொல்லிக் கட்டியது. ஊர்வலத்துக்கென்று தைத்த சில்க் ஜிப்பா கட்டிலில் கிடந்தது.

முடிவு தெரிந்து வர மாமாவின் ஆட்கள் காரைக்காலுக்குப் போயிருந்தார்கள், எதிராளி கடையில் வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில். போகும்போது மணியை அடித்துக்கொண்டே போனார்கள். திரும்பும்போது தெருமுனையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மாமா நாற்காலியிலிருந்து எழுந்து மாடிக்குப் போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கீழே கேட்டது.

மாமி கொல்லைக்கு ஓடி அடுப்பை அணைக்கச் சொன்னார். பண்டாரி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அரிசி உலையில விழுந்தாச்சும்மா. யார் ஜெயிச்சா அதுக்கு என்ன, வெந்துதான் தீரும்."

பள்ளிவாசலுக்கு அனுப்பிவிடலாம் என்றார் உம்மா. அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்றார் மாமி. தோல்வியை மறைக்க வழியிருந்தாலும் நெய் வாசனையை மறைக்க வழியில்லை. அது அதற்குள் நாலு தெரு தாண்டிவிட்டது.

மாமி மாடிப்படியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக் கெஞ்சினார். சரக்கு கடலோடு போனபோதுகூட மனுஷர் இப்படி இருந்ததில்லை என்று அழுதார். இனி இந்த ஊரில் தலைகாட்ட மாட்டார், மறுபடியும் சைகோனுக்குக் கப்பலேறிவிடுவார் என்பதுதான் அவருடைய பயம். முதல் தடவை போனவர் திரும்பி வருவதற்குள் மாமிக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்ததாம்.

அந்த நேரத்தில் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்காரர் வந்தார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை, சட்டை முழுக்க வியர்வை. மாடிப்படிக்குக் கீழே நின்று மேலே பார்த்துப் பேசினார்.

"நானா, ஜெயிச்சுப்புட்டேன். இப்ப என்னா செய்யறதுன்னு தெரியலே."

அவரே சொல்லிக்கொண்டு போனார். நேற்றுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். எழுந்து போகிற மாதிரி தெரியவில்லையாம். வீட்டில் இருப்பது கஞ்சியும் கருவாடும். நாகூருக்கு ஆள் அனுப்பியதற்கு, பண்டாரி உங்கள் ஊரில்தானே இருக்கிறார் என்று பதில் வந்ததாம்.

மேலேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"எத்தனை பேரு?"

மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"எண்ண முடியலே நானா. கடை சைக்கிள் பூரா என் வாசல்லதான் கிடக்கு."

"அழைச்சுட்டு வா. எல்லாரும் முன்வாசலாலதான் வரணும். நீயுந்தான்."

தாழ்ப்பாள் திறந்தது. மாமா சில்க் ஜிப்பாவும் துருக்கித் தொப்பியுமாக இறங்கி வந்தார். தைத்ததை வீணாக்க மனம் வரவில்லை போலும்.

ஊர்வலம் கொட்டு மேளத்தோடு வந்தது. மாமா வாசலில் நின்று ரோஜா மாலையைச் சைக்கிள் கடைக்காரர் கழுத்தில் போட்டார். அது அவருக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியது. புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டுதான் அவரால் நடக்க முடிந்தது. பின்னாலேயே, இன்ஷா அல்லா சொன்ன பெரியவர்கள். அவர்கள் வாசலில் தயங்க, மாமா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவர்களுடைய வாப்பா பெயரும் சொல்லி உள்ளே அழைத்தார். ஒருவரிடம் மட்டும் நின்று கேட்டார்.

"என்னங்கனி, சாப்பாடாவது இன்ஷா அல்லா சாப்பிடுவீங்கதானே?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

எங்கள் விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. சகன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். ஒரே சகனில் உட்கார்ந்தவர்கள் பிறகு பகையைத் தொடர்வது சிரமம். எதிரில் இருப்பவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து நம் பக்கம் தள்ளுவார், நாமும் ஒன்று தள்ள வேண்டிவரும். மாமா சைக்கிள் கடைக்காரரோடு உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆண்கள் பந்தியில் நான் உட்காரலாம் என்கிற வயது அப்போது.

பீர்னி வருவதற்குள்ளேயே அரசாங்கம் ஆரம்பித்துவிட்டது. வடக்குத் தெரு வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது என்று ஒருவர் பழைய பழக்கத்தில் மாமாவிடம் முறையிட்டார். ஜெயித்தவர் அங்கே இருக்கிறார், அவரிடம் சொல்லுங்கள் என்றார் மாமா. பிறகு அந்த ஜெயித்தவர் பக்கம் திரும்பி, வாய்க்காலுக்கு யாரைப் பார்க்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அன்று தொடங்கியது, சைக்கிள் கடைக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து மாமா வீட்டில் வந்து உட்காருவார். மாமா சைகோனுக்குப் போகவில்லை. அடுத்த தேர்தலிலும் நின்றார், அதிலும் தோற்றார். ஆனால் அந்தத் தடவை முடிவு தெரிகிறவரை பண்டாரிக்குச் சொல்லி அனுப்பவில்லை.

விருந்துக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் மாமா ஜெயித்துவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். சைக்கிள் கடைக்காரரின் மகள் என் வகுப்புதான். அவளும் மறுக்கவில்லை. அவளும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவள்தானே.

இன்று மதியம் மகன் கதவுக்கு வெளியே வைத்திருந்த தட்டை எடுத்தேன். பாதி காலியாகத் தெரிந்தது, சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பார்த்தேன், சோற்றைப் பிசைந்து, சாப்பிட்ட மாதிரி தோன்றும்படி ஓரமாக ஒதுக்கியிருந்தான். தட்டும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டேன்.

சகனில் சாப்பிடும்போது அவரவர் முன்னால் சோற்றில் ஒரு பள்ளம் விழும். அன்று என் முன்னால் ஒரு பள்ளம், சைக்கிள் கடைக்காரர் முன்னால் பெரிய பள்ளம். மாமாவின் பக்கம் மட்டும் சோறு வைத்தபடியே குவிந்திருந்தது. அவர் பேச்சு நிற்கவில்லை, சிரிப்பு நிற்கவில்லை, விரல்களும் சோற்றில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன. கை மட்டும் வாய்க்குப் போகவில்லை. பிசைந்ததையெல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ள நான் தின்றுகொண்டிருந்தேன்.

கை கழுவப் போனபோது, ஜெயித்த சந்தோஷத்தில் மாமாவுக்குப் பசியே இல்லை, எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டார் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா, நெய்ப் பிசுக்கெல்லாம் போன பிறகும் என் கையை விடாமல் கழுவிக்கொண்டே இருந்தார்.