மகள் வரைந்த ஓட்டுக்கூரை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு மேசன் வேலைக்குப் போனவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கல்முனையில் எத்தனையோ பேருடைய மகள்மாருக்கு நான் வீடு கட்டியிருக்கிறேன். என் ஒரே மகளுக்கு மட்டும் அவளே வீட்டை வரைந்தாள். அப்போது அவள் கொழும்பில் மாஸ்டர்ஸ் என்கிற முதுமாணி படித்துக்கொண்டிருந்தாள். நிலைபேறான கட்டட வடிவமைப்பு என்று அந்தப் படிப்புக்குப் பெயர். மின்சாரத்தை வீணாக்காமல், வெயிலையும் காற்றையும் பார்த்து வீடு கட்டுவது என்று எனக்கு விளங்கியது.

அவள் வரைந்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை. மேற்குச் சுவருக்கு வெளியே, நிழலுக்காக ஒடுங்கிய ஒரு விறாந்தை. கூரைக்குக் கீழே நாலு பக்கமும் காற்று ஓட்டைகள். உள்ளே இருக்கிற ஆள் அடுத்த வீட்டுக்குத் தெரியாதபடி அவற்றைச் சாய்வாக வைத்திருந்தாள். வளவில் நின்ற வேம்பைத் தொடக் கூடாது.

"வாப்பா, என்ட ஆய்வே இந்த வீடுதான். கட்டி முடிஞ்சா சூடளக்கிற மெசின் வெக்கணும். ஒண்டும் மாத்திராதீங்க."

"ஓம் மகள்," என்றேன்.

சுவர் எழும்பிக் கூரை மரம் ஏற்றும் நேரத்தில், பேசி வைத்திருந்த மாப்பிள்ளை பகுதியினர் வீடு பார்க்க வந்தார்கள். மகள் கொழும்பில். மாப்பிள்ளை கட்டாரில் வேலையில் இருந்தார். அவருடைய வாப்பாவின் தம்பி, சாச்சாதான் கதைத்தார். என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார்.

"என்ன காக்கா, ஊருக்கெல்லாம் கொங்கிறீட் போடுறீங்க, சொந்த மகளுக்கு ஓடா?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். "மேல ஒரு தட்டு எழுப்ப ஏலாதே. மறுகா இந்த ஓட்டையெல்லாம் என்னத்துக்கு, புறா வளக்கவா? ஆர் கீறின பிளான் இது?"

என் மகள் கீறியது, இதைத்தான் அவள் படிக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால் எனக்குக் கதைக்க வராது.

"அது பழைய பிளான் ஒண்டு. மாத்தலாம்," என்றேன்.

மாற்றினேன். கூரையைத் தட்டையாகக் கொங்கிறீட்டில் போட்டேன். ஓட்டைகளைக் கல் வைத்து அடைத்துப் பூசினேன். விறாந்தை இடத்தையும் அறைக்குள் எடுத்தேன். கொங்கிறீட்டுக்குப் பலகை அடிக்க இடைஞ்சல் என்று வேம்பை வெட்டினேன். மகள் போனில் கேட்கும்போதெல்லாம் "வேலை நடக்குது மகள்" என்றேன். "சொல்லிருங்க, புள்ள நம்பிக்கிட்டு இரிக்கா," என்று மனைவி எத்தனையோ தரம் சொன்னாள்.

மகள் ஒரு பெட்டி நிறையச் சின்ன மெசின்களோடு வந்தாள். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். வேம்பு நின்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பூசிய சுவரில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஆர் மாத்தச் சொன்ன, வாப்பா?"

சொன்னேன்.

"நான்தான் கீறினதெண்டு சொன்னீங்களா?"

"இல்ல மகள்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வீட்டிலேயே மெசின்களை வைத்தாள். பின்னேரத்தில் வெளியை விட உள்ளே சூடு கூட என்று அவை காட்டினவாம். வரைந்த வீடு ஒன்று கட்டும்போது எப்படிக் கெட்டுப்போகிறது என்று ஆய்வை மாற்றி எழுதிப் பட்டம் எடுத்தாள். அதில் என்னைக் 'கட்டியவர்' என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறாள். வாப்பா என்று போட முடியாதுதான்.

கலியாணமும் நடந்தது. இப்போது அவளுடைய குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நாங்கள் சமைத்துக் குடியிருக்கும் தகரக் குசினிக்கு வந்துவிடுகிறாள். அந்த வீட்டை விட இது பரவாயில்லையாம்.

போன கிழமை மருமகன் என்னிடம், "மாமா, மாஸ்டர்ஸ் படிச்ச ஆள் கீறின வீடு, பாண் சுடுற போறணை மாதிரி வேகுது," என்று சிரித்தார். மகள் குழந்தையின் முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற, நான் மாற்றியதை இத்தனை நாளும் அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது. அப்போதும் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் எழுதுகிறேன். இதை முதலில் மருமகன் வாசிக்க வேண்டும். அவள் வரைந்த வீட்டில் நீங்கள் ஒரு நாளும் இருந்ததில்லை, மகன். நீங்கள் இருப்பது நான் பயந்து கட்டிய வீட்டில்.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.