அப்பாவின் நெற்றியில் மூன்று கோடு

இரத்தோட்டை பஸ்ஸில் இருந்தபோது ரிஸானா டீச்சரின் தம்பி அழைத்தான். அக்காவை அவன் தாத்தா என்றுதான் சொல்வான். “சேர், தாத்தா காலையில மௌத்தாகிட்டாங்க. நெஞ்சுவலி. அஸர் தொழுகைக்கு முன்னால அடக்கம்.” எந்தத் தரிப்பில் இறங்கினேன் என்று இப்போதும் ஞாபகம் இல்லை.

உக்குவளையில் பதினொரு வருடம் நாங்கள் இருவரும் ஒரே கணினி அறையில் படிப்பித்தோம். அவருடைய பைத்தியத்தைப் பள்ளிக்கூடமே அறியும். எண்பதுகளில் வந்த ஒரு கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டரை மடிக்கணினியில் போட்டு, அதன் திரையில் எங்கள் படங்களைக் கொண்டுவருவார். அதிபரின் மீசைகூட அதில் வரி வரியாக இறங்கியிருக்கிறது. நான் அவசரப்பட்டால், “பொறுங்க சேர், முகம் இன்னும் வரல்ல” என்பார்.

என் அப்பாவுக்கு இருப்பது தோட்டத்துத் திருவிழாவில் யாரோ எடுத்த ஒரே படம். அதைத்தான் டீச்சரிடம் கொடுத்தேன். அந்தத் திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் நிற்கும். கறுப்பு முடி, பழுப்பு நெற்றி, வெள்ளைத் திருநீறு மூன்றும் ஒரே கட்டத்தில் விழ, திருநீறு காணாமல் போனது. பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“திருநீறு இல்லாட்டி அது யாரோ ஒரு ஆள், சேர். உங்க அப்பா இல்ல.”

மூன்று வாரம் புள்ளி புள்ளியாகத் திருத்தினார். அவர் இறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், படம் சரி, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார். பஸ் போய்விடும், திங்கட்கிழமை பார்க்கிறேன் என்று ஓடினேன். அடுத்த பஸ் அரை மணித்தியாலத்தில் வந்திருக்கும். இதை நான் என்னிடம் எத்தனை தடவை சொன்னாலும் ஆறவில்லை.

அவருக்காகக் கத்தம் ஓதி முடிந்த பிறகு தம்பி அந்தப் படக் கோப்பைக் கொண்டுவந்து தந்தான். எமுலேட்டரில் போட்டேன். வரி வரியாக இறங்கியது. இந்தத் தடவை பொறுத்திருந்தேன். முடி வேறு கட்டத்துக்குப் போகும்படி படம் முழுவதையும் நாலு புள்ளி மேலே தூக்கியிருந்தார். அப்பாவின் தலைமுடி கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. திருநீற்றின் மூன்று கோடும் முழுதாக இருந்தன.

டீச்சரின் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. தன்னை யாரும் படம் எடுக்க அவர் விட்டதே இல்லை. என் அப்பாவுக்கு அவர் பூசிவிட்ட திருநீறுதான் இருக்கிறது.