ஒழுகும் வண்டியில் வெள்ளிமலைக்கு

பத்திரிகையில் மழைச் செய்திகளைத் திருத்திய காலத்தில், "வெள்ளம் புகுந்தது" என்று நிருபர் எழுதினால் "தண்ணீர் தேங்கியது" என்று குறைத்துவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகு அந்தத் திறமை என் சொந்த வண்டிக்கே தேவைப்பட்டது.

பழைய வேன் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்திருந்தேன். காற்று வரக் கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை போட்டு, மூடி பொருத்தி, விளிம்பில் பசையும் நானே பூசினேன். யூடியூப் வீடியோவில் பார்த்த ஆள் பூசியதுபோலவே இருந்தது. மனைவி நம்பவில்லை. நைனார்பாளையத்தில் இருக்கும் அவள் தம்பி, கரும்பு வெட்டும் ஆட்களை ஏற்றிச்செல்ல அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மழையில ஒரு தபா மலைக்குப் போய் வருவோம். உள்ள ஒரு சொட்டு வுழுந்தா வண்டி தம்பிக்கு. இன்னாங்க சொல்றீங்க?" என்றாள்.

பசையை நம்பிச் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில், பின்னாலிருந்து சொட்டும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். மூடியின் விளிம்பிலிருந்து நேராகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க சத்தம்?" என்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி.

"தண்ணிக் கேன் ஆடுது" என்று சொல்லிப் பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால், நிழற்குடை இல்லாத ஒரு பஸ் நிறுத்தத்தருகே வண்டியை ஓரங்கட்டினேன். அவளைப் பின்பக்கம் போகவிடக் கூடாது. மழையைப் பார்த்துக்கொண்டே வெளியில் டீ குடிக்கலாம் என்றேன். திருமணமான நாளிலிருந்து நான் இப்படி எதுவும் பேசியதில்லை. அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் மட்டும் உள்ளே போய்க் கட்டில்மேல் பக்கெட்டை வைத்தேன். அடுப்பை வெளியே கொண்டுவந்தேன். வண்டிக்கும் மரத்துக்கும் நடுவே தார்ப்பாய் கட்டினேன்.

பஸ்ஸுக்காக நனைந்துகொண்டு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தார்ப்பாய்க்குள் வந்தார்கள்.

"ரெண்டு டீ குடு சார். சக்கர கம்மியா" என்றார் ஒரு பெரியவர்.

"இது கடை இல்லீங்க."

"பாய் கட்டிக்கிறீங்க, அடுப்பு எரியுது, அம்மா டீ ஆத்திகினு கீறாங்க. அப்பால இன்னா இது?" என்றாள், தலையில் கோணி போட்டிருந்த ஒரு பெண்.

தகவல்கள் மூன்றும் சரி. மறுப்பு வெளியிட வழியில்லை. மனைவி சிரித்துக்கொண்டே ஊற்ற, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதற்குள் அந்தப் பெண் தன் கிழங்கு மூட்டை நனையாமலிருக்க அதை வண்டிக்குள் வைக்கப் போனாள். போன வேகத்தில் மூட்டையோடு திரும்பினாள்.

"உள்ள வாணாம்மா, ஒழுவுது. கட்டில் மேல பக்கெட்டு வெச்சிக்கிறாங்க, அதுவும் ரொம்பிடுச்சி. இதுக்கு எங்க வூட்டுக் கூர தேவல."

"லேசான கசிவுதான்" என்றேன். தார்ப்பாய்க்குள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்.

மனைவி அங்கேயே தம்பிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "வண்டி உனக்குத்தான்டா. வந்து எடுத்துக்க."

"இன்னாக்கா திடீர்னு? மாமா ஒத்துகினாரா?"

"மேல ஒழுவுதுடா."

"ஒழுவுதா? நல்லா இருந்த வண்டியாச்சே."

"காத்து வரணும்னு உங்க மாமா கூரையில ஓட்ட போட்டாரு."

"எனக்கு வாணாக்கா. நனைஞ்சிகினு போறதுக்கு எங்க ஆளுங்களுக்கு டிராக்டரே கீது."

போனை வைத்தாள். வண்டி எனக்கே மிஞ்சியது; நான் பூசிய பசைதான் காரணம். அதை அவளிடம் எடுத்துச்சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"நின்னுகினே இருக்காதீங்க" என்று டம்ளரை நீட்டினாள். "பெரியவருக்கு இன்னொரு டீயாம். சக்கர கம்மியா."